பட்டும் கரியும்

ஆரணி என்றதும் வெளியூர் நண்பர்களுக்குப் பட்டுச்சேலை நினைவுக்கு வரும். சமையலில் அக்கறை உள்ளவர்கள் அரிசியைச் சொல்வார்கள். சரித்திரம் படித்தவர்கள், ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு ராபர்ட் கிளைவ் 1751இல் ரஸா சாகிப்பின் படையைத் துரத்திவந்து தோற்கடித்த இடம் என்பார்கள். இந்த மூன்றிலும் சேராத ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன்: கரியடுப்பில் சுட்ட மக்காச்சோளக் கதிர். அது ஆரணிக்கு மட்டும் உரிய பண்டம் அல்ல. மெரினா மணலிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் கிடைப்பதுதான். ஆனால் எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி இருவர் பதினான்கு மாதங்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தது அதனால்தான். ஆகவே அதைப் பற்றி எனக்குச் சொல்வதற்குக் கொஞ்சம் இருக்கிறது.

எங்கள் வீட்டின் முன்கூடத்தில் இரண்டு குழித்தறிகள் இருந்தன. தெருப்பக்கத் தறி அப்பாவுடையது. உள்பக்கத் தறி சித்தப்பாவுடையது. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தி நெய்வதுதான் குழித்தறி. இரண்டு தறிகளும் ஒரே தாளத்தில் ஓடி நான் கேட்டதே இல்லை. அப்பாவின் நாடா நிதானமாகப் போய்வரும். சித்தப்பாவுடையது விரைந்து ஓடி நடுவில் நிற்கும். இழை அறுந்திருக்கும், அல்லது அவருக்கு ஏதேனும் ஒரு கதை நினைவுக்கு வந்திருக்கும்.

ஒரு பாவில் மூன்று சேலைகள். பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளைத் தறியில் எஞ்சி நிற்கும் பழைய முனைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அவை சில ஆயிரம் இருக்கும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கிவிட்டால் பிடித்துக்கொள்ளும், முடிச்சு போடுவதில்லை. இந்த வேலையில் சித்தப்பாவின் விரல்கள் தெருவிலேயே பேர்போனவை. பாவு பிணைக்க அவரைப் பக்கத்துத் தெருக்களிலிருந்தும் அழைப்பார்கள்.

அந்தச் சித்தப்பா 2004இல் தறியை விற்றார். காரணங்கள் எல்லா நெசவு ஊர்களுக்கும் பொதுவானவை. கச்சாப் பட்டு விலையும் ஜரிகைக்கான வெள்ளியின் விலையும் ஏறின. கூலி மட்டும் ஏறவில்லை. சேலை உள்ளிட்ட சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985இலேயே வந்துவிட்டது என்றாலும் விசைத்தறிச் சேலை கைத்தறிச் சேலையின் பெயரைச் சொல்லி விற்றுக்கொண்டிருந்தது. இவற்றோடு இருபத்தைந்து வருடம் குழிக்குள் தொங்கிய கால்களின் முட்டி. தறி விற்ற பணத்தில் ஒரு பழைய தள்ளுவண்டியும், இரும்புச் சட்டியும், கைப்பிடி சுற்றும் ஒரு துருத்தியும், இரண்டு மூட்டை அடுப்புக்கரியும் வாங்கிவந்தார். வீட்டில் யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

சண்டை வந்தது வண்டியால் அல்ல, கரி மூட்டையால்.

அப்போது அப்பாவின் தறியில் சந்தன நிறத்தில் ஒரு பாவு ஏறியிருந்தது. வெளிர்நிறப் பாவு தறியில் இருக்கும் நாட்களில் அம்மா கூடத்தில் விளக்குத்திரி தூண்டுவதற்குக்கூடத் தயங்குவாள். பட்டில் படிந்த கரித்தூளைத் தட்டினால் இழைக்குள் இறங்கும்; துடைத்தால் பரவும். நெய்து முடித்த சேலையைத் துவைத்துக் கொடுக்க முடியாது. ஒரு புள்ளி விழுந்தால் முதலாளி கூலியில் பிடித்துக்கொள்வார். இரண்டு புள்ளி விழுந்தால் சேலையையே நெசவாளன் தலையில் கட்டிவிடுவார்.

“பட்டு ஓட்ற வூட்ல கரி மூட்டையா?” என்றார் அப்பா.

“தாவாரத்துலதானேண்ணா கெடக்குது.”

“காத்து தாவாரத்தோட நின்னுக்குமா?”

பேச்சு இவ்வளவுதான். மறுநாள் சித்தப்பா மூட்டைகளையும் வண்டியையும் கோட்டை மைதானத்துப் பக்கம் தெரிந்த ஒருவரின் மரக்கடைக்குக் கொண்டுபோனார். அதன்பின் இருவருக்கும் பேச்சில்லை. ஒரே வீடு, ஒரே உலை, ஒரே கிணற்றடி. அம்மா மூலம் செய்தி போகும், வரும். “தம்பிகிட்ட சொல்லு, கரண்டு பில்லு வந்திருக்குது” என்று அப்பா சொல்வார். தம்பி அடுத்த தூணருகில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

கரி வெறும் சாக்கு, கைத்தறியில் உட்கார்ந்தவன் தெருவில் நின்று தின்பண்டம் விற்பதை அண்ணனால் தாங்கமுடியவில்லை, அதுதான் விஷயம் என்று உறவினர்கள் சொன்னார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. சித்தப்பாவுக்குமே அந்தக் கூச்சம் இருந்தது. எங்கள் தெருப்பக்கம் அவர் ஒருநாளும் வண்டியைத் தள்ளிவந்ததில்லை. இரவு மரக்கடையிலேயே கைகாலைக் கழுவி, வேறு சட்டை மாற்றி, கிணற்றடியில் மறுபடி குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பார். ஆயினும் கரியை வெறும் சாக்கு என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. பாவு ஏறிய தறி இருக்கும் கூரையின் கீழ் கரித்தூள் என்பது தீப்பெட்டித் தொழிற்சாலைக்குள் பீடி போல. அப்பா சொன்னதும் நியாயம், சித்தப்பாவுக்கு வேறு இடமில்லை என்பதும் நியாயம்.

அந்த மாதங்களில் பள்ளி முடிந்து நான் வண்டியருகே போய் நிற்பேன். அம்மா தெரிந்தே அனுப்பினாள் என்று பிற்பாடு புரிந்தது. ஆகவே கதிர் சுடுவது பற்றி நான் இங்கே எழுதுவது அங்கே நின்று பார்த்தது.

முதலில் கதிரைத் தேர்வது. வேலூர்ச் சந்தையிலிருந்து சாக்கில் வரும் கதிர்களைச் சித்தப்பா உரித்துப் பார்க்கமாட்டார். உரித்த கதிர் மாலைக்குள் வாடிவிடும். தோகையின் மேலேயே விரலை ஓட்டி மணிகளின் வரிசையைத் தடவிப் பார்ப்பார். நுனியில் தொங்கும் குஞ்சம் வெளியே காய்ந்து பழுப்பேறியிருக்க வேண்டும். தோகையின் வாய்க்குள் இன்னும் ஈரம் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மட்டும் தோகையைக் கொஞ்சம் விலக்கி ஒரு மணியில் நகத்தை அழுத்துவார். தண்ணீர் தெறித்தால் இன்னும் பிஞ்சு. பால் வந்தால் சரி. மாவு ஒட்டினால் முற்றல். குஞ்சம் வெளிப்பட்ட இருபது நாள் அளவில் வரும் இந்தப் பால் பருவத்துக்கு அமெரிக்க வேளாண் நூல்களில் ‘சுடும் கதிர்’ என்றே பொருள்படும் ஒரு பெயர் வழங்குகிறது. அது ஒரு வாரம்கூட நீடிக்காத பருவம். அதற்குப்பின் கதிர் அடுப்புக்கு உரியதல்ல. ஆலைக்கோ கோழிக்கோ உரியது.

அடுத்தது நெருப்பு. சுவாலை அடங்கி, கரியின் மேல் வெண்சாம்பல் மெல்லிய போர்வையாகப் படியும்வரை அவர் கதிரை வைக்கமாட்டார். எத்தனை பேர் காத்துநின்றாலும் சரி. சுவாலையில் சுட்டால் மேல்தோல் கருகிவிடும், உள்ளே பால் பச்சையாகவே இருக்கும். மக்காச்சோள மாவுச்சத்து வெந்து இளக 62 முதல் 72 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அது மணியின் நடுவரை போய்ச்சேர நேரமும் வேண்டும். சித்தப்பா இதை இரண்டு கட்டமாகச் செய்வார். முதலில் கம்பிவலையின் மேல், அனலிலிருந்து நாலு விரல் உயரத்தில், கதிரைத் திருப்பிக்கொண்டே இருப்பார். மணிகள் வெளுப்பிலிருந்து மெல்ல மஞ்சளுக்கு மாறிக் கண்ணாடி போல் ஒரு பளபளப்பு ஏறும். அப்போதுதான் வலையை எடுத்துவிட்டுக் கதிரை நேரே கரியின் மேல் கிடத்துவார். துருத்தியின் கைப்பிடியை நாலு சுற்று. உள்ளே அடைபட்ட நீராவி மணியின் தோலைக் கிழித்துப் ‘பட்’ என்று வெடிக்கும். ஒன்று, இரண்டு, பிறகு ஏழெட்டு சேர்ந்து. அந்தச் சத்தத்தில்தான் அவர் கணக்கு. கண்ணால் பார்த்து எடுப்பவன் தாமதமாகத்தான் எடுப்பான் என்பார். இப்போது பல வண்டிகளில் எரிவாயு அடுப்பின் தீநாக்கிலேயே கதிரைக் காட்டிவிடுகிறார்கள். அதற்குப் பெயர் சுடுவது அல்ல, கரியாக்குவது.

பாதி எலுமிச்சம்பழத்தை உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த தட்டில் அழுத்தி எடுத்துக் கதிரின் மேல் தேய்ப்பது கடைசி வேலை. வரிசையோடு நீளவாக்கில் தேய்க்க வேண்டும்; குறுக்கே தேய்த்தால் காரம் மணிகளின் தலையில் மட்டும் நிற்கும், இடுக்குகளில் இறங்காது. தேய்க்கும்போதே பழத்தை இலேசாகப் பிழிய வேண்டும். உரித்த தோகையிலேயே கதிரைக் கிடத்தி நீட்டுவார். தட்டு, காகிதம் எதுவும் கிடையாது.

*

இந்த எளிய தீனியின் பூகோளத்தை எண்ணிப்பார்த்தால் வியப்பாக இருக்கிறது. மக்காச்சோளம் தென்மேற்கு மெக்சிகோவில், பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன் தியோசிந்தே என்ற காட்டுப்புல்லிலிருந்து மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்தெடுத்த பயிர். மிளகாயும் மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. சித்தப்பா அடுப்பில் போட்ட கரி பெரும்பாலும் சீமைக்கருவேலம். அந்த முள்மரத்தின் தாயகமும் அமெரிக்கக் கண்டம்தான். அப்படியானால் நம்முடையது என்ன? எலுமிச்சை. அதன் பூர்வீகம் ஆசியா. ஸ்பானியர்கள் வழியாகத்தான் அந்த இனத்துப் பழங்கள் அங்கே போய்ச்சேர்ந்தன. இன்று மெக்சிகோவின் தெருமுனையில் சுட்ட கதிரின்மேல் மிளகாய்த்தூள் தூவி எலுமிச்சை பிழிந்து தருகிறார்கள் (கூடவே பாலாடைக்கட்டியும் வெண்ணிறக் குழம்பு ஒன்றும் பூசுவார்கள், அது அவர்கள் பாடு). ஐந்நூறு வருடங்களில் அங்கிருந்து மிளகாய் இங்கே வந்தது, இங்கிருந்து எலுமிச்சை அங்கே போனது, இரண்டும் இரண்டு ஊரிலும் ஒரே கதிரின்மேல் சந்தித்திருக்கின்றன. ஜப்பானில் இதே கதிருக்குச் சோயா சாறு தடவுகிறார்கள். அதைச் சுவைத்தவர்கள் நல்லது என்கிறார்கள்.

பெயர் விஷயமும் சுவாரஸ்யமானது. மக்காச்சோளம் என்ற பெயரைக் கேட்டால் மக்காவிலிருந்து வந்த சோளம் என்று தோன்றும். இத்தாலியர்கள் இதையே துருக்கித் தானியம் என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். வந்த தானியத்துக்கு, அது எங்கே விளைந்தது என்று தெரியாதபோது, கொண்டுவந்தவன் ஊரையோ, தூரத்தில் தெரிந்த வேறொரு ஊரையோ பெயராக வைப்பது மனித வழக்கம் போலும். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. அந்தக் கொட்டையும் மணிலாவில் பிறந்ததல்ல. தென்னமெரிக்காவில் பிறந்து மணிலா வழியாக வந்தது. எங்கள் மாவட்டத்துக் கொல்லைகளில் அரைப்பங்கு நிலம் யாரோ ஒரு மாலுமியின் தவறான முகவரியில் விளைகிறது என்று சொன்னால் மிகையாகாது.

இந்த இடத்தில் ஒரு வழக்கையும் குறிப்பிட வேண்டும். மைசூருக்கு அருகே சோமநாதபுரத்தில் உள்ள கேசவர் கோயில் போன்ற ஹொய்சளக் கோயில்களில் சில சிற்பங்கள் கையில் கதிர் போன்ற ஒன்றை ஏந்தியிருக்கின்றன. அவை மக்காச்சோளக் கதிர்களே, ஆகவே கொலம்பஸுக்கு முன்பே இப்பயிர் இந்தியாவுக்கு வந்துவிட்டது என்று அமெரிக்கப் புவியியலாளர் கார்ல் ஜோஹன்னஸன் 1989இல் ஆன் பார்க்கருடன் சேர்ந்து எழுதினார். 1993இல் பாயக், சச்சான் என்ற இந்திய ஆய்வாளர்கள் இருவர் அதை மறுத்தார்கள். அது முத்துகள் பதித்த ஒரு கற்பனைக் கனி, முக்தாபலம், என்பது அவர்கள் வாதம். எனக்கு மறுத்தவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஹொய்சளச் சிற்பி எதையுமே முத்துப் பதிக்காமல் விட்டவன் அல்லன். நகையைத் தானியமாக வாசிப்பது நம் காலத்தின் பசி.

*

கதிரின் நுனியில் தொங்கும் குஞ்சத்துக்கு ஆங்கிலத்தில் ‘சில்க்’, அதாவது பட்டு, என்று பெயர். ஒரு நெசவுத்தெருப் பையனுக்கு இந்தச் செய்தி எத்தனை கிளர்ச்சி தந்திருக்கும் என்று வாசகர்கள் ஊகிக்கலாம். கல்லூரியில் தாவரவியல் படித்தபோது அது மேலும் அழகான செய்தியாக விரிந்தது.

மக்காச்சோளச் செடியின் உச்சியில் ஆண்பூக்கொத்து, இடுப்பில் கதிர். கதிரில் இருக்கும் ஒவ்வொரு சூலிலிருந்தும் ஓர் இழை புறப்பட்டுத் தோகைக்குள்ளாகவே ஊர்ந்து நுனிக்கு வந்து வெளியே தலைகாட்டுகிறது. அறுநூறு மணிகள் உள்ள கதிருக்கு அறுநூறு இழைகள். ஒவ்வோர் இழையும் தனித்தனியே ஒரு மகரந்தத்துகளை ஏந்த வேண்டும். இழையின் மேல் விழுந்த துகள் முளைவிட்டு, அந்த நீளம் முழுவதையும் உள்ளாகவே கடந்து, ஏறத்தாழ ஒரு நாளில் சூலை அடைகிறது. அடைந்தால் ஒரு மணி. இழைக்கு மகரந்தம் கிடைக்காவிட்டால், அல்லது அதைப் பூச்சி கடித்துவிட்டால், அந்த இடத்தில் ஒரு பொக்கை. அடிப்பகுதி இழைகள் முதலில் வெளிவரும். நுனியின் இழைகள் கடைசியில். அதனால்தான் பல கதிர்களின் நுனி மட்டும் நிரம்பாமல் இருக்கிறது. வறட்சி வந்தால் இழைகள் தாமதமாகும். அவை வருவதற்குள் மேலே மகரந்தம் தீர்ந்துபோயிருக்கும். கருத்தரித்த சூலிலிருந்து இழை தானே கழன்றுகொள்கிறது. ஆகவே இளங்கதிரைத் தோகை நீக்கி மெல்ல உதறினால் வேலை முடிந்த இழைகள் உதிர்கின்றன; காத்திருப்பவை ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உழவர்கள் விளைச்சலை முன்னறிய இப்படி உதறிப் பார்ப்பதுண்டு. இன்னொன்று: வரிசைகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு. பூக்கள் இணை இணையாகத் தோன்றுவதால் இப்படி.

இவற்றை நான் பாடமாகப் படித்துச் சொல்வதற்கு முன்பே சித்தப்பா வேறொரு வழியில் கவனித்திருந்தார். கதிரை உரித்ததும் இழைகளைத் துடைத்து எடுப்பார். ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டை நெருப்பு தின்றுவிடும். பட்டு அசலா என்று பார்க்க ஓர் இழையைக் கொளுத்துவது எங்கள் ஊர் வழக்கம். அசல் பட்டு புரதம். எரிந்தால் முடி கருகும் நாற்றம் வரும், மிஞ்சும் சாம்பல் விரலில் நொறுங்கும். செயற்கைப் பட்டு மரக்கூழிலிருந்து வருவது. எரிந்தால் காகித வாசனை. “இது ஆர்ட் சில்க்குடா” என்று சித்தப்பா ஒருநாள் மக்காச்சோள இழையைக் கரியில் போட்டு முகர்ந்துவிட்டுச் சொன்னார். “நம்மளுது இல்ல.” சொல்லிவிட்டு நெடுநேரம் சிரித்தார். காத்திருந்த வாடிக்கையாளருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பதினான்காவது மாதம் பேச்சு திரும்பியது. ஒரு மழைநாள், வண்டியில் வியாபாரமில்லை. சுட்ட கதிர்கள் நாலைந்து மிஞ்சிவிட்டன. அம்மா என்னிடம் அவற்றைத் தோகையோடு வாங்கிவரச் சொல்லியிருந்தாள். அப்பா நெய்துகொண்டிருந்தார். பட்டின் அருகே எண்ணெயோ புளிப்போ போகக்கூடாது என்பதால் தறியை விட்டு எழுந்து, திண்ணைக்கு வந்து, கதிரைக் கையில் வாங்கினார். தின்பதற்கு முன் சுற்றித் திருப்பிப் பார்த்தார். நெய்த கையின் பழக்கம் அது. எந்தப் பொருளையும் குறை தேடித்தான் பார்ப்பார்கள். நடுவில் ஒரு வரிசையில் மூன்று மணிகள் இல்லை.

சித்தப்பா கிணற்றடியில் இருந்தார். அப்பா அம்மாவைப் பார்க்காமல் நேரே அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார்: “இதுல இழை விட்டுப் போயிருக்குதே.”

கிணற்றடியில் வாளிச்சத்தம் நின்றது. “கோடு விழல பாருண்ணா. அந்த மூணோட போச்சு. கூலியில புடிக்கவும் ஆளில்ல.”

பாவில் ஓர் இழை அறுந்ததைக் கவனிக்காமல் நெய்துபோனால் சேலை நெடுக ஒரு கோடு விழும். அதைத்தான் சித்தப்பா சொன்னார். அப்பா பதில் சொல்லவில்லை. கதிர் முழுவதையும் தின்று முடித்தார். மறுநாள் கரண்டு பில்லைப் பற்றி நேரடியாகவே கேட்டார். மன்னிப்பு, சமாதானம் என்று எதுவும் எங்கள் வீட்டில் நடந்ததாக நினைவில்லை. கரி மூட்டையும் மரக்கடையிலேயே இருந்தது.

*

வண்டிக்கு அடுத்த சோதனை சில வருடங்களில் வந்தது. இனிப்புச் சோளத்தை உதிர்த்து, ஆவியில் வேகவைத்து, வெண்ணெயும் மசாலாவும் கலந்து காகிதக் கோப்பையில் தரும் கடைகள் பெருநகரங்களிலிருந்து சிற்றூர்களுக்குப் பரவின. சாதாரண மக்காச்சோளத்தில் பறித்த கணத்திலிருந்து சர்க்கரை மாவுச்சத்தாக மாறிக்கொண்டே இருக்கிறது. பழைய வகை இனிப்புச் சோளத்திலும் இது நிகழும். 30 பாகை வெப்பத்தில் ஒரே நாளில் ஏறத்தாழப் பாதிச் சர்க்கரை போய்விடும். ஆரணியின் வெயிலுக்கு இது எத்தனை கொடுமை என்று சொல்லவேண்டியதில்லை. இந்த மாற்றத்தைத் தடுக்கும் ஒரு மரபணுக் குறையின் பயனை இல்லினாய் பல்கலைக்கழகத்து ஜான் லாஃப்னன் 1953இல் வெளியிட்டார். அந்த விதை காய்ந்தால் மாவில்லாமல் சுருங்கிப்போகும். ஆனால் இளமணி பல நாள் இனிப்பாகவே இருக்கும். உலகெங்கும் குளிர்பெட்டிகளில் இன்று கிடக்கும் மீயினிப்புச் சோளங்களில் பெரும்பகுதி அந்த வழிவந்தவை.

அதில் எனக்குப் பெரிய புகார் இல்லை. என் மகள் அதைத்தான் கேட்கிறாள். ஆனால் அதைக் கரியில் சுடமுடியாது என்பதைச் சித்தப்பா முயன்று பார்த்துச் சொன்னார். தோல் மெல்லியது, உள்ளே நீர் மிகுதி, மாவு குறைவு, வெடித்து வடிந்துவிடுகிறது. சுட்ட கதிரின் ருசி இனிப்பில் மட்டும் இல்லை. பால் மாவாகத் திரும்பத் தொடங்கும் அந்த இடைவேளையில் இருக்கிறது. கொஞ்சம் மென்று தின்ன வேண்டும். பல்லுக்கும் கதிருக்கும் இடையே ஒரு பேச்சுவார்த்தை வேண்டும். எப்போதும் இனிப்பாக இருக்கும் ஒன்றுக்குப் பருவம் தெரிந்த கை தேவைப்படாது, நகம் அழுத்திப் பார்க்கவும் தேவையில்லை. கோப்பைக் கடைகளில் சில மூடப்பட்டன. வண்டி நின்றது.

பிறகு 2018. அமெரிக்கப் படைப்புழு அந்த ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. சில மாதங்களுக்குள் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து மக்காச்சோளக் காடுகளைத் தின்று தீர்த்தது. இந்தப் புழுவின் தாயகமும் அமெரிக்காதான். பயிர் வந்து ஐந்நூறு வருடங்கள் கழித்து அதன் எதிரி தேடிக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறது. சந்தையில் வந்த கதிர்களின் நுனியில் துளை. சித்தப்பா பாதி சாக்கைக் கழித்துப் போடுவார். நாமக்கல் கோழிப்பண்ணைத் தீவனத்துக்குப் போகும் சரக்கில் அந்தத் துளையை யாரும் பெரிதுபடுத்தமாட்டார்கள். கையில் பிடித்துக் கடிப்பவனுக்கு அது பெரிது.

அப்பா 2016இல் தறியை நிறுத்தியிருந்தார். கண்தான் காரணம், ஊசி முனையளவு இழையும் இரண்டாகத் தெரிந்தது. தறிச்சட்டங்களை விறகு விலைக்குத்தான் கேட்டார்கள். குழி இரண்டையும் மண்போட்டு மூடிச் சிமெண்டு பூசினோம். மழைக்காலத்தில் அந்த இரண்டு செவ்வகங்களும் தரையின் மற்ற பகுதியைவிடச் சற்றுக் கருமையாகத் தெரியும். மரக்கடைக்காரர் இடத்தை விற்றுவிட்டுப் போனபின் கரி மூட்டைக்கு இடம் தேடவேண்டி வந்தது. உள்பக்கச் செவ்வகத்தின் மேல் அதை இறக்கச் சொன்னது அப்பாதான். சித்தப்பா இரண்டு நாள் தயங்கினார். பழக்கம் காரணமாக இன்றும் மூட்டைக்கடியில் ஒரு கோணியை விரித்து, மேலே இன்னொரு கோணியைப் போர்த்தி வைக்கிறார். கூடத்தில் பட்டு எதுவும் இல்லை.

இப்போது மதியத்துக்குமேல் சாக்கு வந்ததும் அப்பா தெருப்பக்கம் உட்கார்ந்துகொண்டு உரிக்க ஆரம்பிக்கிறார். கண் தெரியாவிட்டாலும் விரல் தெரிகிறது. தோகையைக் கிழிக்காமல் பின்னுக்கு மடித்து, இழைகளைக் கொத்தாகப் பிடித்து ஒரே இழுப்பில் எடுத்து, பிறகு வரிசை இடுக்குகளில் கட்டைவிரல் நகத்தை ஓட்டி மிச்சத்தையும் நீக்குகிறார். படவேட்டு ரேணுகாம்பாளுக்குக் கூட்டம் போகும் ஆடி வெள்ளிக்கிழமைகளில் இருநூறு கதிர்வரை ஆகும். அன்றைக்குச் சித்தப்பாவுக்கு அவசரம்.

“உடுண்ணா, ரெண்டு இழை இருந்தா நெருப்பு பாத்துக்கும்.”

“நெருப்பு பாத்துக்கும்னு பாதி வேலையில குடுக்கறதா? அப்படிக் கொண்டா அத.”